பழுப்புப் புட்டியின் பாடம்

குளோரோஃபார்ம் என்றவுடன் பலருக்கும் திரைப்படக் கைக்குட்டைதான் நினைவுக்கு வரும். முகத்தில் வைத்த மறுகணமே கதாநாயகி மயங்கி விழுவாள்! உண்மையில் மயக்கம் வரச் சில நிமிடங்களாகும். “ஏம்ப்பா, மயக்க மருந்தையெல்லாமா உங்க கையில குடுக்குறாங்க?” என்று என் தாயாரும் அஞ்சினார். எங்கள் வீட்டில் இதை விளக்க என்னையன்றி வேறு ஆளில்லை. ஆகவே இப்பொருளைப் பற்றித் தேடிப் படித்தேன்.

மீத்தேனின் நான்கு ஹைட்ரஜன் அணுக்களில் மூன்றின் இடத்தில் குளோரின் அமர்ந்தால் குளோரோஃபார்ம். நிறமற்றது, இனிய மணமுடையது, 61 டிகிரி செல்சியசில் கொதிப்பது. நீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானதால் பிரிபுனலில் அடியில் தங்கும். கொழுப்பையும் ஆல்கலாய்டுகளையும் நன்கு கரைக்கும். அனிலினையும் ஆல்கஹால் கலந்த பொட்டாஷையும் இதனுடன் சூடாக்கும்போது எழும் கார்பைலமீன் நாற்றத்தை எந்த வேதியியல் மாணவர்தான் மறப்பார்!

1847 நவம்பரில் எடின்பரோ மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் இதனை மயக்க மருந்தாக்கினார். மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. 1848 ஜனவரி 28 அன்று, இங்கிலாந்தில் ஹானா கிரீனர் என்ற 15 வயதுச் சிறுமி, கால் நகம் ஒன்றை அகற்றுவதற்காக இதை முகர்ந்து, சில நிமிடங்களில் உயிர் நீத்தாள். இலேசான மயக்கத்திலேயே இதயத்துடிப்பு சீர்குலைந்து நின்றுவிடலாம் என்று லெவி என்பவர் பூனைகளில் ஆய்ந்து காட்டியது 1911-இல்தான். இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் எத்தனையோ பேர் வலியின்றி அறுவை சிகிச்சை பெற்றனர்; சிலர் கண் விழிக்கவேயில்லை. பயன் முதலில் தெரிந்தது. குணம் பின்னர்தான் தெரிந்தது. இன்று இதனினும் பாதுகாப்பான மருந்துகள் வந்துவிட்டன.

ஆய்வகத்திலும் இதன் குணமறிந்தே பழக வேண்டும். ஒளியும் காற்றும் பட்டால் இது ஆக்சிஜனேற்றமடைந்து பாஸ்ஜீனாகிறது. முதல் உலகப் போரில் வீரர்களைக் கொன்ற நச்சுவாயு அதுவே! அதனால்தான் பழுப்பு நிறப் புட்டி. அதனால்தான் காற்றுக்கு இடமின்றி நிரப்புதல். சேர்க்கப்படும் ஏறத்தாழ 1 சதவீத எத்தனாலோ, உண்டாகும் பாஸ்ஜீனை டைஎத்தில் கார்பனேட்டாக மாற்றிவிடுகிறது. தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாவாக நாம் எழுதும் விடை, உண்மையில் ஓர் உயிர்க்காப்பு.

மாணவ நண்பர்களே! மணம் இனிதென்று முகர்ந்து பார்க்காதீர்கள். புகைக் கூண்டிற்குள் வைத்தே கையாளுங்கள். சன்னலோர வெயிலில் அப்புட்டி நிற்கக் கண்டால், யாருடைய வேலையென்று பாராமல் நிழலுக்கு மாற்றி வையுங்கள்.