சியோல் மாநகரின் வடபுறத்து மலைகளிலே

சியோல் மாநகரைப் பார்த்து மீண்டவர்கள், அதன் வானளாவிய மாளிகைகளைப் பற்றியும், இரவைப் பகலாக்கும் மின்விளக்குகளைப் பற்றியும், கடைவீதிகளைப் பற்றியுமே கதை கதையாய்க் கூறுவர். நாமும் முதல் மூன்று தினங்கள் அவற்றையே பார்த்துத் திரிந்தோம். நான்காம் நாட்காலையில் கழுத்து நோகத் தொடங்கிற்று. மூன்று தினங்களாக அண்ணாந்த கழுத்தல்லவா? 90 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் இந்நகரத்தில் அமைதியாக மூச்சுவிட ஓரிடம் உண்டோவென்று எமது கொரிய நண்பரை வினவினோம். அவர் மறுமொழி கூறாது, சாளரத்தின் வழியே வடதிசையைச் சுட்டிக் காட்டினார். கட்டடங்களுக்கு அப்பால், சாம்பல் நிறப் பாறை முடிகள் அணிவகுத்து நின்றன. அதுவே புக்கன்சான். 'சான்' என்பது கொரிய மொழியிலே மலையைக் குறிக்கும் சொல்.

மறுநாட்காலை நிலத்தடி ரெயிலில் ஏறிக் குபபல் என்னும் நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து ஒரு பஸ் வண்டி எம்மை மலையடிவாரத்திலே கொண்டுபோய் விட்டது. நகரத்தின் நடுவிலிருந்து இங்கு வர ஒரு மணித்தியாலங்கூட ஆகவில்லை. ஆயினும் வேறொரு நாட்டுக்கு வந்துவிட்டோமோ என்ற மயக்கம் உண்டாயிற்று. ஐப்பசி மாதம் ஆதலால் மேப்பிள் மரங்கள் செக்கச் செவேலென்றிருந்தன. 1983ஆம் ஆண்டில் இம்மலைப்பகுதி தேசிய வனப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. இதன் அதியுயர்ந்த சிகரமான பெகுண்டே சுமார் 836 மீற்றர் உயரமுடையது. நாம் அதன்மேற் கண்வைக்கவில்லை. எமது முழங்கால்களின் இயல்பை நாம் நன்கறிவோம். 560 மீற்றர் உயரமுள்ள பிபொங் சிகரமே எமது இலக்கு.

மலையேறுவோரிற் பெரும்பாலார் எம்மினும் மூத்தவர்கள் என்பதைக் கண்டு முதலில் வியப்பும் பின்னர் வெட்கமும் அடைந்தோம். பல வர்ணச் சட்டைகளும், இரு கைகளிலும் ஊன்றுகோல்களும், முதுகிலே பையுமாக அவர்கள் ஆடுகளைப்போற் பாறைகளில் தாவிச் சென்றனர். ஓரிடத்தில் மூச்சு வாங்க அமர்ந்தபோது, எழுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் அருகில் வந்து, நீளமாய் அரிந்த வெள்ளரிக்காய்த் துண்டொன்றை எமது கையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மேலே நடந்தார். தாகத்துக்கு அதனிற் சிறந்த மருந்து இல்லை. பாதையோரமெங்கும் கருவாலிக் கொட்டைகள் உதிர்ந்து கிடந்தன. கையில் ஒன்றிரண்டு பொறுக்கினோம். நண்பர் தலையை அசைத்தார். அவை அணில்களின் மாரிகால உணவாம். எடுக்கலாகாது என்று பூங்கா அதிகாரிகள் கேட்டுக்கொண்டுள்ளனராம். எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டோம்.

பிபொங் என்பதற்குக் கல்வெட்டுச் சிகரம் என்று பொருள். 6ஆம் நூற்றாண்டிலே சில்லா நாட்டை ஆண்ட சின்ஹுங் மன்னன், தான் வென்ற நிலத்தைப் பார்வையிட வந்ததன் நினைவாக இதன் உச்சியில் ஒரு கல்லை நாட்டினான். காலப்போக்கில் மக்கள் அதனை மறந்து, யாரோ ஒரு துறவி நாட்டியதென்று கதை கட்டிவிட்டனர். 1816ஆம் ஆண்டில் கிம் சொங்குய் என்னும் பேரறிஞர் இம்மலைமீது ஏறி, பாசியைத் துடைத்து எழுத்துக்களை வாசித்து, அது மன்னனுடைய கல்லே என நிலைநாட்டினார். வந்து படித்த செய்தியை அக்கல்லின் பக்கத்திலேயே பொறித்தும் வைத்தார். அறிஞர்களுக்கும் அந்த ஆசை உண்டு போலும்! மூலக்கல் 1972இல் கீழே இறக்கப்பட்டு, இன்று தேசிய நூதனசாலையில் இருக்கின்றது. உச்சியில் நிற்பது அதன் பிரதி. அப்பிரதியைத் தானும் நாம் அருகே சென்று காணவில்லை. கடைசிப் பாறையில் கைகளாற் பற்றி ஏறவேண்டும்; இருமுறை முயன்று, இருமுறையும் வழுக்கி, கீழே நின்றே கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினோம்.

ஆனால் அங்கிருந்து கண்ட காட்சி மறக்கற்பாலதன்று. தெற்கே சியோல் நகரம் தீப்பெட்டிகளை அடுக்கியதுபோல் விரிந்து கிடந்தது. ஓசை ஒன்றும் மேலே எட்டவில்லை. 1968 ஜனவரியில் வடகொரியப் போர்வீரர் 31 பேர் சனாதிபதி மாளிகையைத் தாக்கும் நோக்கத்தோடு இரகசியமாக வந்தது இம்மலைகளின் வழியாகவே. அதன் பின்னர் இங்குள்ள ஒரு கணவாய்ப் பாதை 2009ஆம் ஆண்டுவரை, 41 ஆண்டுகள் மூடப்பட்டிருந்தது.

இறங்கும் வழியில், பைன் மரச் சோலையொன்றின் நடுவே சின்குவான்சா என்னும் பௌத்த மடாலயம் இருக்கின்றது. இங்கு வாழ்வோர் பிக்குணிகள். உள்ளியும் வெங்காயமும் சேராத இவர்களது சமையல் நாடறிந்தது. கொர்யோ அரச வமிசத்து இளவரசன் ஒருவனைக் கொல்ல ஆட்கள் வந்தபோது, சின்குவான் என்னும் முதிய துறவி அவனைப் புத்தர் பீடத்தின் கீழே குழியில் ஒளித்துக் காத்தார் என்பது கர்ணபரம்பரைக் கதை. அவ்விளவரசனே பின்னர் ஹியொன்சொங் மன்னனாகி, 1011ஆம் ஆண்டில் தன் உயிர் காத்தவர் பெயரால் இம்மடத்தைக் கட்டுவிக்கத் தொடங்கினான். கொரிய யுத்தத்தில் மடம் எரிந்தது. சிறு மண்டபங்கள் சிலவே தப்பின. 1960களிலிருந்து பிக்குணிகள் அதனை மீளக் கட்டியெழுப்பினர்.

தப்பிய மண்டபங்களில் ஒன்று, சப்தரிஷி மண்டலம் என்று நாம் அழைக்கும் ஏழு விண்மீன்களுக்கு உரியது. மிகச் சிறியது, பெரிய மண்டபங்களைப் பார்த்துச் செல்வோர் திரும்பியும் பாராதது. 2009ஆம் ஆண்டில் அதனைப் பழுதுபார்க்கப் பிரித்தபோது, சுவருக்குள் ஒரு துணிப்பொதி அகப்பட்டது. உள்ளே 1919ஆம் ஆண்டில் வெளிவந்த சுதந்திரப் போராட்டப் பத்திரிகைகள். பொதிந்திருந்த துணியோ கொரியக் கொடி. அக்கொடியை விரித்துப் பார்த்தவர்கள் திகைத்தனர். அது யப்பானியக் கொடியின் மேலேயே வரையப்பட்டிருந்தது! சிவந்த வட்டத்தின் ஒரு பாதிமீது வேறு நிறம் பூசி, நான்கு மூலைகளிலும் கொரியச் சின்னங்களைத் தீட்டியிருந்தனர். ஒரு மூலை கருகியிருந்தது. பெக் சோவொல் என்னும் துறவி அதனை மறைத்து வைத்திருக்கலாமென ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். அவர் 1944இல் சிறையிலே உயிர்நீத்தார். நாடு விடுதலை பெற்றது அடுத்த ஆண்டில். சுவருக்குள் இருப்பதைச் சொல்ல ஒருவரும் எஞ்சவில்லைப் போலும். 90 ஆண்டுகள் அது அங்கேயே இருந்தது.

காலைமுதல் ஓயாது பேசி வந்த எமது நண்பர், அம்மண்டபத்தின் முன்னே வாயடைத்து நின்றார். சற்றுப் பொறுத்துத் தம் பாட்டனாரைப் பற்றிச் சொன்னார். யப்பானியர் ஆட்சியில், 1940ஆம் ஆண்டளவிலே, கொரியர் யப்பானியப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டுமென்ற நெருக்குதல் வந்தபோது பாட்டனார் பள்ளிச் சிறுவன். ஆசிரியர் புதிய பெயரைச் சொல்லி அழைக்கையில், தம்மைத்தான் அழைக்கின்றார் என்பது விளங்காமல் பேசாதிருந்து அடி வாங்கினாராம். முதுமையில் பலவற்றையும் மறந்துபோன பின்பும் அந்த யப்பானியப் பெயரை மட்டும் அவர் மறக்கவில்லையாம்.

"உமக்கு அப்பெயர் தெரியுமா?" என்று கேட்டோம்.

"தெரியும். ஆனால் இதுவரை நான் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை," என்றார்.

நாம் மேலும் கேட்கவில்லை. பிக்குணி ஒருவர் முற்றத்து இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். நண்பர் பாதணியைக் கழற்றி மண்டபத்துள் நுழைந்தார். வெளியே வர நெடுநேரமாயிற்று. பஸ் வண்டி எம்மை விட்டுப் போய்விட்டது. அடுத்த வண்டிக்காகப் பைன் மரங்களின் கீழே, குளிரில், இருவரும் காத்திருந்தோம்.