தலைவர் இல்லாத ஊரில் மணி என்ன?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எழுதுகிறவன் பி.காம். இசிஇ மக்கள் யாராவது படித்தால் கல்லெறியாமல் திருத்திவிட்டுப் போகவும் :)

பக்கத்து அறை நண்பன் ஒருவன் ப்ராஜெக்ட்டுக்காக ஆறு சின்ன ரேடியோ போர்டுகளை மேஜையில் பரப்பிவைத்துக்கொண்டு ஒரு மாதமாக "டைம் சிங்க், டைம் சிங்க்" என்று புலம்புகிறான். டவர் கிடையாது, ரௌட்டர் கிடையாது, ஆறும் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ள வேண்டும். ஆறுக்கும் ஒரே நேரம் காட்ட வேண்டும். இதில் என்னடா கஷ்டம் என்று கேட்கப் போய்த்தான் நானும் மாட்டிக்கொண்டேன்.

நம் செல்போன் எப்படி சரியான மணி காட்டுகிறது? டவரோ இணையமோ சொல்லிக்கொடுக்கிறது. அதாவது மேலே ஒருவர் இருக்கிறார். அந்த மேலே இருப்பவர் இல்லையென்றால் ஒவ்வொரு கருவியும் தன்னிடம் இருக்கும் குவார்ட்ஸ் துண்டை மட்டும் நம்பியாக வேண்டும். கைக்கடிகாரத்தில் இருக்கும் குவார்ட்ஸ் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. (ஏன் இந்த எண்? இரண்டால் 15 முறை வகுத்தால் சரியாக ஒன்று வரும். கம்ப்யூட்டர்காரர்களுக்கு இரண்டு என்றால் அவ்வளவு பிரியம்.) ஆனால் எந்த இரண்டு குவார்ட்ஸும் ஒரே மாதிரி அதிர்வதில்லை. பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிசகினால் நாளுக்கு 1.7 விநாடி. ஒன்று முந்தி இன்னொன்று பிந்தினால் இரண்டுக்கும் நடுவில் நாளுக்கு மூன்றரை விநாடி. சூடு ஏறினால், குளிர்ந்தால் அந்தப் பிசகும் மாறும்.

மூன்றரை விநாடியில் என்ன குடி முழுகிப்போகிறது? இந்தக் கருவிகள் பேட்டரியை மிச்சம் பிடிக்க பெரும்பாலான நேரம் தூங்குகின்றன. குறித்த நொடியில் எல்லாம் ஒன்றாக விழித்து, பேசிவிட்டு, மறுபடி தூங்கும். கடிகாரம் பொருந்தவில்லை என்றால் நான் விழித்திருக்கும்போது நீ தூங்குகிறாய், நீ விழிக்கும்போது நான் தூங்கிவிட்டேன். பேச்சுவார்த்தையே நடக்காது.

சரி, கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே? இங்கேதான் எனக்கு சுவாரஸ்யம் பிடித்தது, ஏனென்றால் இது அப்படியே நம்ம பேங்க் ரீகன்சிலியேஷன். என் கடிகாரத்தில் மணி 10 அடிக்கும்போது உனக்கு ஒரு செய்தி அனுப்புகிறேன். அது வந்து சேரும்போது உன் கடிகாரத்தில் 10 மணி 7 விநாடி. உன் கடிகாரம் 10 விநாடி காட்டும்போது நீ பதில் போடுகிறாய். எனக்கு வரும்போது என் கடிகாரத்தில் 9 விநாடிதான்! அனுப்பிய நேரத்துக்கு முன்னாலேயே வந்து சேர்ந்த பதில். போகும்போது 7 விநாடி, வரும்போது கழித்தல் 1. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 3, அது பயண நேரம். கழித்துப் பாதியாக்கினால் 4, நீ என்னைவிட 4 விநாடி முந்தி ஓடுகிறாய். பாஸ்புக்குக்கும் கேஷ்புக்குக்கும் உள்ள வித்தியாசத்தில் வழியில் இருக்கும் செக் எவ்வளவு, நிஜமான தப்பு எவ்வளவு என்று பிரிக்கிறோமே, அதேதான். போகிற நேரமும் வருகிற நேரமும் சமம் என்று ஒரு அனுமானம் இதில் ஒளிந்திருக்கிறது. அது பொய்த்தால் கணக்கும் பொய்.

2002-ல் எல்சன், ஜிரோட், எஸ்ட்ரின் மூவரும் இன்னொரு வழி சொன்னார்கள். மில் ஊர்களில் சங்கு ஊதுமே, அந்த மாதிரி. ஒரு கருவி சும்மா ஒரு சத்தம் கொடுக்கும். கேட்ட மற்றவர்கள் அந்தக் கணத்தில் தங்கள் கடிகாரம் என்ன காட்டியது என்று குறித்துக்கொண்டு, பிறகு தங்களுக்குள் ஒப்பிட்டுக்கொள்வார்கள். ரேடியோ அலை ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் போய்விடுகிறது, அதனால் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கேட்டுவிடும். சங்கு ஊதியவரின் கடிகாரம் சரியா தப்பா என்று யாரும் கேட்கவே போவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான்.

மின்மினி வழியும் ஒன்று உண்டு. தாய்லாந்து ஆற்றங்கரை மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னும். நம் ஆனைமலை புலிகள் காப்பகத்தில்கூட 2022-ல் இப்படிப் பார்த்ததாகச் செய்தி வந்தது. அங்கே நாட்டாமை மின்மினி என்று எதுவும் கிடையாது. பக்கத்து மின்மினி மின்னியதைப் பார்த்தால் என்னுடைய முறையைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொள்கிறேன், அவ்வளவுதான். இந்த ஒற்றை விதியிலேயே அநேகமாக எந்த நிலையில் ஆரம்பித்தாலும் எல்லாம் ஒன்றாகிவிடும் என்று 1990-ல் மிரோல்லோவும் ஸ்ட்ரோகாட்ஸும் கணிதத்தில் நிரூபித்தார்கள். ஆனால் எல்லோரும் எல்லோரையும் பார்க்க வேண்டும், தாமதமே இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ரேடியோவில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசினால் இரண்டும் குளறுபடி. ஆகவே 2005-ல் ஹார்வர்ட் குழு இதைக் கருவிகளில் செய்தபோது, கேட்ட சத்தங்களுக்கு உடனே அசையாமல் குறித்துவைத்துக்கொண்டு அடுத்த சுற்றில் அசையும்படி மாற்றினார்கள். அது போகட்டும். ஒன்றாக மின்னும் அந்த மரத்தில் மணி என்ன என்று கேட்டால் ஒரு மின்மினிக்கும் தெரியாது!

எங்கள் சண்டை ஆரம்பித்ததே இங்கேதான். "எல்லாரும் ஒத்துக்கிட்டா அதுதான் மச்சி நேரம்" என்கிறான் அவன். எனக்கு உடம்பு எரிகிறது. ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆனால் கணக்கு சரியென்று அர்த்தமா? மெஷின் வாங்கிய பணத்தை ரிப்பேர் செலவில் எழுதிவைத்தாலும் டேலி ஆகும்.

என் கட்சிக்கு ஒரு சாட்சி வைஃபையிலேயே கிடைத்தது. ரௌட்டர் இல்லாத வைஃபைக்கு 802.11 தரத்தில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். வழக்கமாக ஏறத்தாழ 0.1 விநாடிக்கு ஒருமுறை ஒரு நேர அறிவிப்பு வர வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். ஒவ்வொருவரும் குருட்டுவாக்கில் கொஞ்ச நேரம் காத்திருந்து, முதலில் வாய் திறப்பவர் சொல்வதே அறிவிப்பு. கேட்டவர் தன் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். வந்த நேரம் முந்தியிருந்தால் அதற்கு மாறிக்கொள்வார். பிந்தியிருந்தால் கண்டுகொள்ள மாட்டார். கடிகாரத்தைப் பின்னால் திருப்புவதே கிடையாது. ஆக மொத்தக் கூட்டமும் யாருடைய கடிகாரம் அதிவேகமாக ஓடுகிறதோ அவர் பின்னால் ஓடுகிறது. அவர் சரியானவரா என்ற கேள்வியே எழாது, வேகமானவர், அவ்வளவுதான்.

இதிலும் ஒரு கூத்து இருக்கிறது. 2002-ல் ஹுவாங், லாய் என்ற இருவர் காட்டியது: கூட்டம் பெருகப் பெருக அந்த வேகமான ஆளுக்குப் பேசவே வாய்ப்பு வராது. 100 பேரில் அவர் ஒருவர். போதாததற்கு அறிவிப்புகள் மோதி வீணாவது வேறு. அவர் மற்றவர்களைப் பார்த்துத் திருத்திக்கொள்ளவும் மாட்டார், ஏனென்றால் அவர் காதில் விழுவதெல்லாம் பிந்திய நேரம்தான். தரம் அனுமதிக்கும் பிசகு பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு எதிரெதிர் ஆட்களுக்கு நடுவில் 0.1 விநாடிக்கு 20 மைக்ரோ விநாடி விலகல். பத்து விநாடி அவர் வாய் திறக்கவில்லையென்றால் 2 மில்லி விநாடி. ஊரே அவரைப் பின்பற்ற வேண்டும் என்பது விதி, அவரோ தனியாக எங்கேயோ போய்க்கொண்டிருப்பார். வேகமானவர்களை அடிக்கடியும் மெதுவானவர்களை எப்போதாவதும் பேச விடலாம் என்று அவர்கள் தீர்வு சொன்னார்கள்.

நண்பன் சும்மா விடவில்லை. ஈக்வடாரில் ரெவென்டடோர் என்ற எரிமலையைக் கொண்டுவந்தான். 2005 ஆகஸ்டில் அதன் மேல் 3 கிலோமீட்டர் நீளத்துக்கு 16 கருவிகளை வைத்து 19 நாள் பதிவு செய்தார்கள். 230 அதிர்வு நிகழ்வுகள் கிடைத்தன. அதிர்வு எங்கே கிளம்பியது என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு கருவியையும் அது எப்போது தொட்டது என்ற வித்தியாசம் மட்டும் போதும், நிஜ மணி தேவையில்லை. "பாத்தியா, டேலி ஆனா போதும்" என்றான். சரிதான், ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் பாறைக்குள் அலை விநாடிக்குக் கிலோமீட்டர் கணக்கில் பாய்கிறது, ஒரு விநாடி பிசகினால் மொத்தப் பதிவும் குப்பை. அங்கே சில சமயம் அந்த டேலியே உடைந்துபோனது. ஒத்திசைவு முறை தடுமாறி சில கருவிகள் கன்னாபின்னா என்று நேரம் எழுதிவைத்துவிட்டன. எப்படிச் சரிசெய்தார்கள்? ஒவ்வொரு கருவியும் பொது நேரத்தோடு தன் சொந்தக் குவார்ட்ஸ் நேரத்தையும் சேர்த்தே பதிந்திருந்தது. திரும்பி வந்து, ஒட்டாத பொது நேரங்களைத் தள்ளிவிட்டு, மிச்சத்துக்கும் சொந்த நேரத்துக்கும் ஒரு நேர்க்கோடு பொருத்தி மீட்டார்கள். லெட்ஜர் சொதப்பினால் வவுச்சர் கட்டைப் பிரிக்கிறோம் இல்லையா!

அந்த எரிமலையிலும் ஒரு ஜிபிஎஸ் வைத்திருந்தார்கள் என்பதைப் பயல் கடைசிவரை சொல்லவில்லை. நானே தேடிக் கண்டுபிடித்தேன். இப்போது அவனும் ஒரு ஜிபிஎஸ் வாங்க அரைமனதாகச் சம்மதித்திருக்கிறான். ஆறு போர்டில் எதில் மாட்டுவது, அந்தப் போர்டு செத்துப்போனால் என்ன செய்வது என்று நேற்று ராத்திரியிலிருந்து அடுத்த சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது.