அழுகிய அத்திப்பழமும் 6,000 மரபணுக்களும்... 30 ஆண்டுகளாகத் திருத்தப்படும் ஒரு பட்டியலின் கதை!

'அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு' என்பார்கள். 1938-ல் கலிஃபோர்னியாவின் மெர்செட் பகுதியில் அழுகிப்போன அத்திப்பழத்தை எடுத்துப் பார்த்த எமில் மிராக் என்ற விஞ்ஞானிக்குக் கிடைத்தது ஈஸ்ட். கண்ணுக்குத் தெரியாத, ஒரே ஒரு செல் கொண்ட நுண்ணுயிர். பிரெட், பன் மாவை உப்ப வைக்கிறதே, அதே இனம்தான். (இட்லி மாவு பொங்குவதில் பெரும்பங்கு பாக்டீரியாக்களுக்கு. அது வேறு கதை.)

அந்த அத்திப்பழ ஈஸ்ட்டை மற்ற ஈஸ்ட்களுடன் கலந்து, ராபர்ட் மார்ட்டிமர் என்ற மரபியல் விஞ்ஞானி ஒரு புதிய வகையை உருவாக்கினார். அதன் பெயர் எஸ்288சி. அதன் மரபணுக்களில் பெரும்பகுதி அந்த அத்திப்பழத்திலிருந்து வந்ததுதான். இன்று உலகின் எந்த மூலையில் ஈஸ்ட் ஆராய்ச்சி நடந்தாலும், ஒப்பிட்டுப் பார்க்க எல்லோரும் எடுக்கும் அளவுகோல் இந்த எஸ்288சி.

1996-ல் இதன் மரபணுத் தொகுப்பு முழுவதும் படிக்கப்பட்டது. ஐரோப்பா, வட அமெரிக்கா, ஜப்பான் என்று சுமார் 600 விஞ்ஞானிகள் சேர்ந்து செய்த வேலை. 16 குரோமோசோம்கள், சுமார் 1.2 கோடி எழுத்துகள், ஏறக்குறைய 6,000 மரபணுக்கள். பாக்டீரியாக்களைத் தாண்டி, நம்மைப்போல உட்கரு உள்ள செல்களைக் கொண்ட உயிரினங்களில் முழுதாகப் படித்து முடிக்கப்பட்ட முதல் தொகுப்பு இதுதான்.

படித்தாயிற்று, பட்டியலும் போட்டாயிற்று. அப்புறம் என்ன வேலை? இங்கேதான் கதையே ஆரம்பிக்கிறது.

இல்லாத ஆளுக்கு ஓட்டு!

வாக்காளர் பட்டியல் வரும்போதெல்லாம் நடப்பதை நினைத்துப் பாருங்கள். தெருவில் இருபது வருடமாகக் குடியிருப்பவர் பெயர் இருக்காது. எப்போதோ வீடு மாறிப்போனவர் பெயர் இருக்கும். ஒருவரே இரண்டு பெயரில் இருப்பார். ஈஸ்ட்டின் மரபணுப் பட்டியலிலும் இதெல்லாம் நடந்தது.

காரணம், அன்று வைத்திருந்த விதி. டி.என்.ஏ-வில் ஒரு மரபணு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தனியாக எழுதி வைத்திருக்காது. அதனால், குறைந்தது 100 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தை உருவாக்கும் அளவுக்கு நீளமான பகுதி இருந்தால் அதை மரபணு என்று கம்ப்யூட்டர் குறித்துக்கொண்டது. நல்ல விதிதான். ஆனால், 100-க்கும் குறைவான நிஜ மரபணுக்கள் விடுபட்டன. தற்செயலாக நீளமாக அமைந்த வெற்று எழுத்துக்கூட்டங்கள் உள்ளே வந்துவிட்டன.

2003-ல் மனோலிஸ் கெல்லிஸ், எரிக் லேண்டர் உள்ளிட்டோர் ஒரு சோதனை செய்தார்கள். இந்த ஈஸ்ட்டின் மூன்று நெருங்கிய சொந்தக்காரர்களின் மரபணுத் தொகுப்பைப் படித்து, பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். பயன்படும் மரபணுவை இயற்கை பாதுகாக்கும், பயனில்லாததைக் கண்டபடி மாற விட்டுவிடும். இந்தக் கணக்கின்படி பார்த்ததில், பட்டியலில் இருந்தவற்றில் சுமார் 500 மரபணுக்களே இல்லை என்று தெரிந்தது.

'சரி, நீக்கிவிட வேண்டியதுதானே' என்று தோன்றும். ஆனால், பட்டியலைப் பராமரிப்பவர்கள் அப்படி அழித்துவிடுவதில்லை. 'சந்தேகத்துக்குரியது' என்று ஒரு முத்திரை குத்தி அங்கேயே வைத்திருக்கிறார்கள். நாளை யாராவது ஆதாரத்துடன் வந்தால், முத்திரையை மாற்றலாம் அல்லவா?

இந்த ஒற்றைச் சொல் முத்திரையின் மதிப்பு ஆய்வகத்தில்தான் தெரியும். ஓர் ஆராய்ச்சி மாணவி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மரபணுவை நீக்குகிறார், ஈஸ்ட் வளராமல் நின்றுவிடுகிறது. பெரிய கண்டுபிடிப்பு என்று மூன்று வருடம் அதன் பின்னாலேயே ஓடுகிறார். கடைசியில் பார்த்தால், அப்படி ஒரு மரபணுவே கிடையாது. அதன்மேல் படிந்திருந்த பக்கத்து மரபணுவும் சேர்ந்து வெட்டுப்பட்டிருக்கிறது. ஈஸ்ட் நின்றுபோனது அதனால்தான். சந்தேகப் பட்டியலில் உள்ள பல பகுதிகள் இப்படி ஒரு நிஜ மரபணுவின் மேல் படிந்திருப்பவைதான். முத்திரை சரியான நேரத்தில் விழுந்திருந்தால் அந்த மூன்று வருடம் மிச்சம்.

ஒரே ஆள்... நான்கு பெயர்!

இந்தப் பட்டியலின் வீடு, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். பெயர், சாக்கரோமைசஸ் ஜீனோம் டேட்டாபேஸ். சுருக்கமாக எஸ்.ஜி.டி. டேவிட் போட்ஸ்டீனும் மைக் செர்ரியும் 1990-களின் தொடக்கத்தில் இதைத் தொடங்கினார்கள். அதற்கு முன்பு ஈஸ்ட் மரபணுக்களின் வரைபடத்தைப் பல ஆண்டுகள் தொகுத்து, அவ்வப்போது புதிய பதிப்பு வெளியிட்டு வந்தவர், நாம் முதலில் பார்த்த அதே மார்ட்டிமர்.

எஸ்.ஜி.டி-யின் தலைவலிகளில் ஒன்று, பெயர். செல் தனக்குள் சேரும் குப்பையைத் தானே தின்று ஜீரணித்துக்கொள்ளும் வேலைக்கு 'ஆட்டோஃபேஜி' என்று பெயர். ஜப்பானில் யோஷினோரி ஒசுமி இதை ஈஸ்ட்டில் ஆராய்ந்தார். அதே நேரத்தில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் வேறு குழுக்கள் ஆராய்ந்தன. அவரவர் கண்டுபிடித்ததற்கு அவரவர் பெயர் வைத்தார்கள். ஒரு மரபணுவுக்கு ஏ.பி.ஜி1 என்று ஒருவர், ஏ.யு.டி3 என்று இன்னொருவர், சி.வி.டி10 என்று மற்றொருவர். மூன்றும் ஒன்றே என்பது புதிதாக வருபவருக்கு எப்படித் தெரியும்?

2003-ல் எல்லோரும் உட்கார்ந்து பேசி, ஏ.டி.ஜி என்ற பொதுப் பெயருக்கு வந்தார்கள். அந்த மரபணு ஏ.டி.ஜி1 ஆனது. 2016-ல் ஒசுமிக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் எஸ்.ஜி.டி-யில் பழைய பெயர் எதைப் போட்டுத் தேடினாலும் சரியான பக்கத்துக்குப் போகலாம். பழைய கட்டுரையைப் படித்துவிட்டு வருபவர் வழிதவறக் கூடாதே!

கூப்பிடும் பெயர் மாறினாலும் மாறாத ஒன்று, கதவு எண். ஏ.டி.ஜி1-ன் கதவு எண் ஒய்.ஜி.எல்180டபிள்யூ. 'ஒய்' என்றால் ஈஸ்ட். 'ஜி' ஏழாவது எழுத்து, ஆகவே ஏழாவது குரோமோசோம். 'எல்' என்றால் இடது கை. நடுவிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தால் 180-வது. 'டபிள்யூ' என்பது டி.என்.ஏ-வின் இரண்டு இழைகளில் எந்த இழை என்பதைச் சொல்கிறது. இந்தச் சின்ன முகவரியை வைத்துக்கொண்டு யாரும் வீட்டு வாசலுக்கே போய் நிற்கலாம்.

படிப்பதே வேலை

இவற்றையெல்லாம் யார் செய்கிறார்கள்? 'பயோகியூரேட்டர்' என்று அழைக்கப்படும் மனிதர்கள். உயிரியலில் ஆழமாகப் படித்தவர்கள். ஆய்வகத்தில் சோதனை செய்வது இவர்கள் வேலையில்லை. மற்றவர்கள் செய்த சோதனைகளைப் படிப்பதுதான் வேலை. ஒரு கட்டுரை வெளியானதும் படித்து, எந்த மரபணுவைப் பற்றி என்ன புதிதாகச் சொல்கிறது என்று பார்த்து, அந்த மரபணுவின் பக்கத்தில் சேர்க்கிறார்கள். கூடவே இரண்டு விஷயங்களைக் குறிப்பிடுகிறார்கள். இந்தத் தகவல் எந்தக் கட்டுரையிலிருந்து வந்தது? சோதனை செய்து பார்த்ததா, கம்ப்யூட்டர் ஊகித்ததா?

கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அதே கவனம்.

எழுத்துகளிலேயே பிழை இருந்தால்? அதுவும் இருந்தது. 1996 தொகுப்பை வெவ்வேறு ஆய்வகங்கள் துண்டு துண்டாகப் படித்து ஒட்டியிருந்தன. பிறகு நவீன கருவிகள் வந்ததும், எஸ்288சி வழிவந்த ஒரே ஒரு ஈஸ்ட் காலனியை எடுத்து முழுவதையும் மறுபடி படித்தார்கள். 2011-ல் வந்த அந்தத் திருத்திய பதிப்பின் பெயர் ஆர்64. அதன்மேல் புதிய மரபணுக்களைச் சேர்ப்பது, எல்லைகளைச் சரிசெய்வது என்று அப்டேட்கள் தொடர்கின்றன. 2021 ஏப்ரலில் வந்த ஆர்64-3-1 அதில் ஒன்று.

நமக்கு என்ன?

'ஈஸ்ட்டுக்கு இவ்வளவு பாடா?' என்று கேட்கலாம். பதில் 1993-ல் இருக்கிறது.

செல் பிரியும்போது டி.என்.ஏ-வை நகல் எடுக்கும். அதில் எழுத்துப்பிழை வரும். அதைத் திருத்த, உள்ளேயே ப்ரூஃப் ரீடர்கள் உண்டு. எம்.எஸ்.எச்2, எம்.எல்.எச்1 ஆகிய மரபணுக்கள் உருவாக்கும் புரதங்கள் அந்த வேலையைச் செய்பவை. ஈஸ்ட்டில் இவற்றைக் கெடுத்துப் பார்த்த தாமஸ் பீட்ஸ், மைக்கேல் லிஸ்கே குழுவினர், ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் பிழைகள் நூறு மடங்குக்கும் மேல் பெருகுவதைக் கண்டார்கள். அதே சமயத்தில், தலைமுறை தலைமுறையாகக் குடல் புற்றுநோய் வரும் சில குடும்பங்களின் கட்டிகளிலும் இதே மாதிரி பிழைகள் தெரியவந்திருந்தன. 'அந்தக் குடும்பங்களில் ப்ரூஃப் ரீடர் பழுதாகியிருக்கலாம், அங்கே தேடுங்கள்' என்று வழிகாட்டியது ஈஸ்ட்.

அந்த வருடம் முடிவதற்குள் மனிதனின் எம்.எஸ்.எச்2 மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த வருடம் எம்.எல்.எச்1. இன்று அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த ஒருவர் பரிசோதனை செய்துகொண்டு, பழுது இருந்தால் இளம் வயதிலிருந்தே கொலோனோஸ்கோபி செய்து, நோய் முற்றுவதற்கு முன்பே பிடித்துவிட முடிகிறது.

நமக்கும் ஈஸ்ட்டுக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்து சுமார் நூறு கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் உறவு விட்டுப்போகவில்லை. 2015-ல் டெக்சாஸில் ஆஷிக் கச்ரூ உள்ளிட்டோர், ஈஸ்ட் உயிர்வாழத் தேவையான 414 மரபணுக்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு அந்த இடத்தில் மனித மரபணுவை வைத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய பாதியில் ஈஸ்ட் பிழைத்துக்கொண்டது.

பட்டியலுக்கும் பசிக்கும்

இத்தனையையும் எஸ்.ஜி.டி இலவசமாகத் தருகிறது. செலவுக்கு நம்பியிருப்பது அமெரிக்க அரசின் ஆய்வு நிதியை. புதிய கண்டுபிடிப்புக்குக் காசு கொடுக்க ஆள் கிடைக்கும். இருப்பதைச் சரிபார்ப்பதற்குக் காசு கேட்டால், 'இன்னுமா முடியவில்லை?' என்ற கேள்விதான் முதலில் வரும்.

2016-ல் இந்த நெருக்கடி முற்றியபோது ஈஸ்ட், பழ ஈ, புழு, வரிமீன், சுண்டெலி, எலி ஆகிய ஆறு உயிரினங்களின் டேட்டாபேஸ்கள் ஒரே கூட்டணியில் சேர்ந்தன. அரபிடாப்சிஸ் என்ற சிறு செடிக்கான டேட்டாபேஸ் அரசு நிதி நின்றதால் 2013-லேயே சந்தா கேட்க வேண்டி வந்தது. 2025-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கான அரசு நிதி நிறுத்தப்பட்டபோது, அதை நம்பியிருந்த பழ ஈ டேட்டாபேஸ் ஊழியர்களை இழந்து, பயன்படுத்துபவர்களிடமே நன்கொடை கேட்டது.

எஸ்.ஜி.டி-யில் இன்றும் நூற்றுக்கணக்கான மரபணுக்களுக்குக் கதவு எண் மட்டும்தான் இருக்கிறது. கூப்பிடும் பெயர் இல்லை. 'வேலை என்னவென்று தெரியாது' என்று அந்தப் பக்கம் ஒளிக்காமல் சொல்கிறது. அவற்றில் ஏதோ ஒன்றின் வேலையை எங்கோ ஒருவர் இன்று கண்டுபிடித்துக்கொண்டிருக்கலாம். அதைப் படித்து, சரிபார்த்து, அந்தப் பக்கத்தில் ஒரு வரி எழுத அன்று ஓர் ஆள் இருக்க வேண்டும்.

அத்திப்பழத்து ஈஸ்ட்டின் வாரிசுகளை மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் போட்டு வைத்தால் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். பட்டியலை அப்படிப் போட்டு வைக்க முடியாது!