ஓட்டு வீடு, கூடவே நஞ்சை

பட்டீஸ்வரம் பக்கம் ஒரு வீடு விலைக்கு வந்திருக்குன்னு நண்பர் படம் அனுப்பினார்.
நாட்டு ஓடு. திண்ணை, முற்றம். கொல்லையில கிணறு, அதைத் தாண்டி கொஞ்சம் நஞ்சை.

விளம்பரத்துல "கும்பகோணம், தாராசுரம் மிக அருகில்"னு பெரிசா போட்டிருக்காங்க.
வயலுக்கு எந்த வாய்க்கால் பாசனம்னு ஒரு வார்த்தை இல்லை!
மனையாப் போடத்தான் விக்கிறாங்களோன்னு பதறுது.

தாராசுரம் கோயில் இரண்டாம் ராஜராஜன் கட்டினது. 2004-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்துச்சு. அதைப் பார்த்துக்க தொல்லியல் துறை இருக்கு.
இந்தத் திண்ணைக்கு யார் இருக்கா? வாங்கறவர் மனசு மட்டும்தான்.

வீட்டை இடிக்காம, அந்த வயல்ல நெல்லே போடறவங்க யாராவது வாங்குவீங்களா?
பட்டா, வில்லங்கம் பார்க்க நானும் கூட வர்றேன்.