ரயில் வராது... நடக்கலாம் வாங்க!

சிங்கப்பூர் போய் இறங்கிய இரண்டாம் நாளே என் பட்ஜெட்டில் துண்டு விழுந்தது. சின்னத் துண்டு இல்லை ஸார், பெட்ஷீட்! நான் பி.காம். படித்தவன். வரவு, செலவு, நிகர நஷ்டம் எல்லாம் விரல் நுனியில். என்ன பிரயோஜனம்? தேக்கா பக்கம் ஒரு சுற்று சுற்றியதில் பர்ஸ் இளைத்துவிட்டது.

"டேய், காசு கேட்காத இடம் ஏதாவது இந்த ஊர்ல இருக்கா?" என்றேன் கல்லூரித் தோழனிடம்.

"இருக்கு மாப்ளே. செருப்பைக் கழட்டிட்டு ஷூ மாட்டு."

தோழனுக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம். காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சையில் என்னைப் பார்த்து எழுதி, என்னைவிட இரண்டு மார்க் அதிகம் வாங்கிய உத்தமன். பத்து வருஷமாக இங்கே கட்டட வேலை. வாரம் பூரா தலையில் ஹெல்மெட். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் தலைமுடி வெளியே தெரியும்.

"எனக்கு நடந்து பழக்கம் இல்லடா. ஆபீஸ்ல மூணாவது மாடிக்கே லிஃப்ட்" என்று இழுத்தேன்.

"பயப்படாதே. ஆத்தோரமா நட, இல்லாட்டி ரயில் பாதையில நட. தண்ணியும் மேடு ஏறாது, ரயிலும் மேடு ஏறாது. உன்னை மாதிரி சோம்பேறிங்களுக்குன்னே ஆனது!"

யோசித்துப் பாருங்கள், உண்மைதான். ரயில் எஞ்சினுக்குச் செங்குத்தான ஏற்றம் ஆகாது. அதனால் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, பாதையை மெத்தென்று போட்டிருப்பார்கள். ரயில் போன பிறகு தொப்பைக்காரர்களுக்கு அதைவிடத் தோதான ரோடு உண்டா?

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு. அதாவது மணி ஆறு இல்லை, காலாங் ஆறு! பீஷான் எம்.ஆர்.டி. ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் பீஷான் - ஆங் மோ கியோ பூங்கா. அதன் நடுவே ஓடுகிறது. நாட்டிலேயே நீளமான ஆறு இதுதானாம். நீளம் சுமார் 10 கி.மீ.! 800 கி.மீ. காவிரியின் கடைமடையில் பிறந்தவன் இதைச் சொல்லும்போது முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டதற்காகவே அவனுக்கு இரண்டு மார்க் தரலாம்.

ஆனால் ஆற்றின் கதையைக் கேட்டதும் என் சிரிப்பு அடங்கிவிட்டது. இந்த இடத்தில் அது ஆறாகவே இல்லை. மழைத் தண்ணீர் போக 2.7 கி.மீ. நீளத்துக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல ஒரு சிமெண்ட் வாய்க்கால். அதை உடைத்து, கல்லும் செடியும் புல்லும் வைத்து, வளைந்து நெளிந்து ஓடவிட்டார்கள். 2012-ல் வேலை முடிந்தபோது அதே ஆறு 3.2 கி.மீ. ஆகிவிட்டது!

சாதாரண நாளில் தண்ணீர் நடுவில் ஒல்லியாக ஓடுகிறது. இரு கரையிலும் புல் சரிவு, குழந்தைகள் கூட்டம். பெரிய மழை வந்தால் அந்தப் புல்வெளியும் சேர்ந்து ஆறாகிவிடும். தண்ணீர் ஏறும்போது விளக்கும் சைரனும் எச்சரிக்க, ஜனங்கள் மேலே வந்துவிடுவார்கள். ஆற்றுக்கு அதன் இடத்தை விட்டு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் விஷயம். நம்ம ஊரில் ஆற்றின் இடத்தில் பிளாட் வாங்கிவிட்டு, வீட்டுக்குள் ஆறு வந்துவிட்டதே என்று ஆற்றைத் திட்டுகிறோம்.

திடீரென்று கரையில் ஒரு கூட்டம், கையில் காமிரா. சினிமா ஷூட்டிங்கோ என்று எட்டிப் பார்த்தால் நீர்நாய்க் குடும்பம்! ஒன்று மீனைக் கறுக் முறுக்கென்று கடித்துக்கொண்டே எங்களை ஒரு பார்வை பார்த்தது. அந்த ஊரில் பில் வராமல் டின்னர் சாப்பிட்ட ஒரே ஜீவன் அதுதான்.

ஞாயிறு காலை ரயில் பாதை. சிங்கப்பூரின் தெற்கே தஞ்சோங் பகாரிலிருந்து வடக்கே உட்லண்ட்ஸ் வரை 24 கி.மீ. மலேசிய ரயில்வேயின் பாதை அது. சிங்கப்பூர் தனி நாடான பிறகும் அந்த நிலம் மலேசியாவிடம்தான் இருந்தது. 1990-ல் ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று பேசவே இன்னும் இருபது வருஷம் ஆனது. கடைசியில் வேறு நிலங்களைக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தார்கள். 2011 ஜூன் 30 ராத்திரி கடைசி ரயில். அதை ஓட்டிப் போனவர் யார் தெரியுமோ? சாட்சாத் ஜோகூர் சுல்தான்!

1932-ல் திறந்த தஞ்சோங் பகார் ஸ்டேஷனின் முகப்பில் நாலு பளிங்குச் சிலைகள் உண்டு. விவசாயம், தொழில், போக்குவரத்து, வணிகம். காமர்ஸுக்குச் சிலை வைத்த ஊர்! படத்தில் பார்த்தபோதே காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன்.

நாங்கள் கிங் ஆல்பர்ட் பார்க் எம்.ஆர்.டி.யில் இறங்கி, புக்கித் திமா பழைய ஸ்டேஷனிலிருந்து கிளம்பினோம். பொம்மை மாதிரி குட்டி ஸ்டேஷன். ஒற்றைப் பாதை என்பதால், எதிரே ரயில் இல்லை என்பதற்கு அடையாளமாக டிரைவரிடம் டோக்கன் கொடுத்து அனுப்பும் வழக்கம் 2011 வரை இங்கே இருந்தது. அங்கிருந்து ஹில்வியூ வரை சுமார் 4 கி.மீ. இரண்டு பக்கமும் மரம், நடுவே சமதளப் பாதை. வெயில் ஏறுமுன் கிளம்பிவிட வேண்டும். தண்ணீர் பாட்டிலும் குடையும் கட்டாயம். அந்த ஊர் மழை அபிப்பிராயம் கேட்டுக்கொண்டு வராது.

போகும்போது நண்பன் இன்னொன்று சொன்னான். காமன்வெல்த் டிரைவில் இன்று பெரிதாக நிற்கும் முனீஸ்வரன் கோயில், ஆரம்பத்தில் ரயில்வேயில் வேலை பார்த்த நம்மாட்கள் தண்டவாளத்தோரம் வைத்த சின்னக் கோயில்தானாம்.

"ஆமா, வாராவாரம் இங்க வந்து ஏண்டா நடக்கிற? ரூம்ல படுத்துத் தூங்கலாமில்ல?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தான்.

"2020-ல கொரோனா வந்தப்ப, டார்மிட்டரியை விட்டு வெளிய போகக்கூடாதுன்னுட்டாங்க. மாசக்கணக்கா ரூமுக்குள்ளேயே. கட்டில்லேர்ந்து கதவு வரைக்கும் எத்தனை அடின்னு கேளு, இப்பவும் சொல்லுவேன். அந்த சமயத்துலதான் அப்பா தவறிட்டாரு. ஃபிளைட் கிடையாது. போன்லதான் பார்த்தேன். நடுவுல சிக்னல் வேற கட்டாயிடுச்சு."

அவன் அப்பா எனக்குத் தெரியும். ரயில்வேயில் கீமேன். மீட்டர்கேஜ் காலத்திலிருந்து தினமும் தண்டவாளத்தோடு கிலோமீட்டர் கணக்கில் நடந்தவர். தோளில் சுத்தியல். கழன்ற கீயைத் தட்டி இறுக்கிக்கொண்டே போவார். கல்லூரி லீவில் அவர்கள் வீட்டுக்குப் போனால், "வாங்க தம்பி, சாப்பிட்டுத்தான் போகணும்" என்பார், வாசலில் கால் கழுவிக்கொண்டே.

இதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. நடந்தோம்.

பாதையில் பெரும்பாலும் தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள். பழைய இரும்புப் பாலங்கள் இரண்டிலும் ஞாபகத்துக்கு விட்டிருக்கிறார்கள். இரண்டாவது பாலத்தில் நான் போட்டோவுக்கு போஸ் கொடுத்துத் திரும்பினால், ஆளைக் காணோம். பின்னால் பார்த்தேன். பாலத்தின் நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கும் ஆணி ஒன்றை இரண்டு விரலால் அசைத்துப் பார்த்தான். அடுத்ததையும் பார்த்தான்.

"ரயில் வராதுடா."

"தெரியும் மாப்ளே" என்று எழுந்தான். "பார்த்துட்டா ஒரு நிம்மதி."

ஊருக்கு வந்து கணக்கு எழுதினேன். இரண்டு நாள் நடைக்கு ஆன செலவு: எம்.ஆர்.டி. டிக்கெட், இரண்டு டீ, நாலு பரோட்டா. வரவுப் பக்கம் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. லெட்ஜர் இன்னும் டாலி ஆகாமல் கிடக்கிறது. ஆபீஸில் மட்டும் லிஃப்டை விட்டுவிட்டேன். மூணாவது மாடிதானே ஸார்!