கதை ஒன்று, முடிவு மூன்று

கதைக்கு முடிவு ஒன்றே என்று பழகியவர்கள் நாம். சிலப்பதிகாரத்தை எத்தனை முறை ஓதினாலும், கோவலன் அந்தப் பொற்கொல்லனைச் சந்திக்காமல் வேறு தெரு வழியே நடந்துவிடுவதில்லை. ஆனால் இன்றைய இளைஞர் இரவெல்லாம் கண்விழித்து ஆடும் கணினி விளையாட்டுகள் சிலவற்றில், கதை ஒன்றாயிருக்க முடிவுகள் பலவாய்க் கிளைக்கின்றன. 1995-ஆம் ஆண்டில் ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் வெளியிட்ட 'குரோனோ டிரிகர்' என்னும் விளையாட்டிலேயே பத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் உண்டு. அங்கே முடிவை நிர்ணயிப்பது பெரும்பாலும் காலம். இறுதிப் பகைவனைக் கதையின் எந்தக் கட்டத்தில் எதிர்கொள்கிறோம் என்பதே. வியப்பூட்டும் படைப்புதான். எனினும் நம் சிந்தையைக் கிளறியது மற்றொன்று.

போலந்து நாட்டின் வார்சா நகரைச் சேர்ந்த சி.டி. ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 2015 மே மாதத்தில் வெளியிட்ட 'தி விட்ச்சர் 3: வைல்டு ஹண்ட்' என்பது அதன் பெயர். ஆன்ட்ரெய் சப்கோவ்ஸ்கி என்னும் போலந்து எழுத்தாளரின் கதைகளையும் நாவல்களையும் அடியொற்றி எழுந்தது அது. கூலி பெற்றுக்கொண்டு கொடிய விலங்குகளையும் பேய்ப்பிறவிகளையும் வேட்டையாடுவோரே விட்ச்சர்கள். அவர்களுள் ஒருவனான கெரால்டின் இடத்தில் நின்று ஆடுபவர் கதையை நடத்திச் செல்கிறார். கெரால்டின் வளர்ப்பு மகள் சிரி. அவளைப் பெற்றவனோ நில்ஃப்கார்டுப் பேரரசன் எம்ஹிர். உலகங்களை உறையவைத்து அழிக்கும் வெண்பனியைத் தடுக்கும் ஆற்றல் சிரியின் குருதியில் இருக்கிறது. கதையின் உச்சத்தில் அவள் தன்னந்தனியே அதனுள் நுழைகிறாள். தந்தை உடன்செல்ல இயலாது. மீள்வாளா, மாட்டாளா?

இதைத் தீர்மானிப்பது வாள்வீச்சன்று. அதற்கு வெகு முன்பே கதையில் ஆங்காங்கே சிதறிக்கிடக்கும் ஐந்து சிறு தருணங்களே தீர்மானிக்கின்றன. ஒவ்வொன்றிலும் இவ்வாறு நடப்பதா, அவ்வாறு நடப்பதா என்னும் தேர்வு உண்டு. மகளின் உயிர் அதில் தொங்குகிறது என்பதை மட்டும் எவரும் அறிவிப்பதில்லை.

முதல் தருணத்தையே எடுத்துக்கொள்வோம். கேர் மோர்ஹன் கோட்டைப் போரில், சிரியைக் காக்கும் முயற்சியில் முதிய ஆசான் வெசெமிர் மாள்கிறார். துயரில் மூழ்கிக் கிடக்கும் மகளிடம் கெரால்ட் இரண்டில் ஒன்று செய்யலாம். எல்லாவற்றிலும் அவள் வல்லவளாக இருக்கத் தேவையில்லை என்று தேற்றி, உடனமர்ந்து மது பருகலாம்; அல்லது வெளியே அழைத்துப்போய்ப் பனியை உருட்டி எறிந்து விளையாடலாம். முன்னது குறையாகவும் பின்னது நிறையாகவும் கணக்கில் ஏறுகின்றன. இங்கே நம் மனம் எளிதில் ஒப்பவில்லை. இழவு வீடுகள் பலவற்றில் சென்று அமர்ந்தவர்கள் நாம். பேச்சைவிட உடனிருப்பே அங்கு ஆறுதல் என்பதைக் கண்டவர்கள். சிதை ஆறுமுன் விளையாட்டா என்று கேட்கத் தோன்றியது. இரு காட்சிகளையும் மீண்டும் பார்த்தபோது படைத்தவர்களின் எண்ணம் விளங்கிற்று. தேற்றும் சொல் கனிவானதுதான். ஆனால் 'உன்னால் ஆகாது, விட்டுவிடு' என்னும் பொருளும் அதனுள் ஒளிந்திருக்கிறது. பனியில் விளையாடுகையிலோ அவள் எறிகிறாள், அடிபடுகிறாள், மறுபடியும் எறிகிறாள். விளங்கிற்றே தவிர, முழுவதும் உடன்பட்டோம் என்பதற்கில்லை. துயருற்றவளோடு அமர்ந்திருந்த ஒரு மாலைப்பொழுதைத் தந்தையின் குற்றமாக எழுதிவைப்பது கடுமையான கணக்கே.

மற்றவற்றில் நமக்கு வழக்கில்லை. சூனியக்காரியரின் அவைக்கு அவள் தனியே சென்று பேசட்டும் என்று விடுவதா, காவலாய்க் கூடவே போவதா என்பது ஒன்று. அவாலக் என்னும் ஆசானின் ஆய்வுக்கூடத்தில் அவள் சீறியெழும்போது அடக்குவதா, பொருள்களை உடைத்துச் சினம் தீர்த்துக்கொள்ள விடுவதா என்பது மற்றொன்று. தனக்கு உதவிய, கோழையெனப் பழிக்கப்பட்டு மாண்ட ஓர் இளைஞனுக்கு இறுதி மரியாதை செய்ய அவள் விரும்பும்போது, நேரமில்லை என்று தட்டிக்கழிக்காமல் உடன் செல்கிறானா என்பதும் எண்ணப்படுகிறது. இன்னொன்று, அவளைப் பேரரசனிடம் அழைத்துச் சென்றால், தேடிக் கொணர்ந்ததற்கென அவன் நீட்டும் பொன்னை வாங்குவதா மறுப்பதா என்பது. முப்பது வெள்ளிக்காசு நினைவுக்கு வராமற் போகுமா!

வெண்பனியை நோக்கி நடக்கும் சிரியின் நினைவில் இத்தருணங்களே நிழலாடுகின்றன. அடக்கியும் தடுத்தும் வைத்த நினைவுகள் மிகுந்திருந்தால் அவள் திரும்புவதில்லை. கெரால்ட் சதுப்புநிலத்துக்குச் சென்று, எஞ்சிய ஒரு சூனியக் கிழவியைக் கொன்று, சிரி இழந்திருந்த வெசெமிரின் பதக்கத்தை மீட்கிறான். அதைக் கையில் ஏந்தி அந்தக் குடிசையிலே அமர்கிறான். வெளியே கொடிய விலங்குகள் சூழ்ந்து வருகின்றன. காட்சி அத்துடன் நின்றுவிடுகிறது.

நம்பி விடுத்த நினைவுகள் மிகுந்திருந்தால் அவள் பிழைக்கிறாள். பேரரசனிடம் அவளை அழைத்துச் செல்லாதிருந்தால் அவளும் ஒரு விட்ச்சர் ஆகிறாள். மகள் இறந்தாள் என்று எம்ஹிரிடம் பொய்யுரைத்துவிட்டு, ஒயிட் ஆர்ச்சர்டு என்னும் சிற்றூரில் அவளுக்குப் புதிய வாளொன்றைப் பரிசளிக்கிறான் கெரால்ட். பெரும்பாலோர் விரும்பும் முடிவு இதுவே. பெற்றவனிடம் சொன்ன அந்தப் பொய்யை யாரும் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை!

மூன்றாவது முடிவே நம்மை அதிகம் உறுத்தியது. பேரரசனிடம் அழைத்துச் சென்று, பொன்னையும் மறுத்து, போரில் நில்ஃப்கார்டு வெல்லவும் வழிவிட்டிருந்தால், சிரி அரியணையை ஏற்கிறாள். அதே ஒயிட் ஆர்ச்சர்டில் தந்தையோடு கடைசியாகப் பொழுதைக் கழித்துவிட்டு, காத்திருக்கும் ஆட்களுடன் புறப்படுகிறாள். சதுப்புநிலத்தில் கெரால்டைக் குறைகூற இடமுண்டு. இங்கோ மகளை அவன் நம்பினான், அவளும் தானே சிந்தித்துத் தன் வழியைத் தெரிந்துகொண்டாள், பிரிவு வந்தது. மகளைத் தொலைவுக்கு அனுப்பிய வீட்டார் எவரும் இந்த முடிவைத் தோல்வியென்றோ வெற்றியென்றோ எளிதில் சொல்லிவிடமாட்டார்கள்.

இவ்விளையாட்டில் பழைய இடத்துக்குத் திரும்பிச் சென்று வேறு முடிவைத் தேடலாம். அதே 2015-இல் அமெரிக்கரான டோபி ஃபாக்ஸ் வெளியிட்ட 'அண்டர்டேல்' இதற்கு அவ்வளவு எளிதில் இடங்கொடுப்பதில்லை. எதிர்ப்பட்ட எல்லாரையும் கொன்று முடித்தவர் மறுபடி தொடங்க வேண்டுமாயின் தம் ஆன்மாவையே விலையாகத் தரவேண்டும். பிறகு ஒருவரையும் கொல்லாமல் ஆடினாலும், இன்ப முடிவில் பழைய கறை எட்டிப்பார்க்கும். பாவக்கறை கழுவப்படும் என்று போதிக்கும் நமக்கு இதுவும் மிகக் கடுமையாகவே படுகிறது. விட்ச்சரின் வழி வேறு. சதுப்புநிலத்தைக் கண்டு கலங்கியவர் கேர் மோர்ஹனுக்குத் திரும்பி, இம்முறை பனியை உருட்டி எறிகிறார். ஏன் எறிகிறோம் என்பது ஆடுபவருக்குத் தெரியும். கெரால்டுக்குத் தெரியாது. சிரிக்கும் தெரியாது.