மெதுவாக வாசித்துப் பாருங்கள்

பழைய ரோட்ஸ், வுர்லிட்சர் பியானோக்களின் ஒலியைத் தரும் பிளகின் மென்பொருள் வாங்கப்போகும் பையன்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். திறந்ததும் பிரீசெட்டை மாற்றிக்கொண்டே போவார்கள். ரிவெர்ப், கோரஸ், ஆம்ப் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்வேன். முகம் வாடிவிடும். அந்த மொட்டை ஒலியோடு அரை மணி நேரம் உட்கார முடிந்தால்தான் பிளகின் தேறும்.

ஹரால்ட் ரோட்ஸின் பியானோவுக்குள் தந்தி கிடையாது. சுத்தியல் தட்டுவது டைன் என்கிற மெல்லிய எஃகுக் கம்பியை. கூடவே டோன்பார் அதிரும். கம்பி நுனிக்கு எதிரே காந்தப் பிக்கப். மெதுவாகத் தட்டினால் உருண்டையான ஒலி. ஓங்கித் தட்டினால் டைன் அகலமாக ஆடி உறுமும். வுர்லிட்சரில் டைனுக்குப் பதில் எஃகு ரீடு. அது சீக்கிரமே கரகரக்கும். ஆகவே நடு ஸ்தாயியில் ஒரே கட்டையை எடுத்துக்கொண்டு, தொட்டும் தொடாமலும் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கையைக் கனமாக்குங்கள். உறுமல் எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியக் கூடாது. சாம்பிள்களை அடுக்கிய பிளகின்களில் அடுக்கு மாறும் இடம் சில சமயம் காதில் இடறும். லவுஞ்ச் லிசர்ட் மாதிரி, கணக்குப் போட்டே ஒலியை உண்டாக்குகிறவற்றில் அந்த இடறல் இல்லை. அவற்றில் நான் கவனிப்பது சுத்தியல் படும் கணத்தை.

அடுத்து, பெடலை மிதித்துக்கொண்டு அதே கட்டையை வேகமாக அடியுங்கள். நிஜக் கருவியில் சுத்தியல், ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் டைன்மேல் விழுகிறது. ஒவ்வொரு அடியும் கொஞ்சம் வேறாகத்தான் கேட்கும். தையல் மெஷின் மாதிரி ஒரே சத்தம் வந்தால் மூடிவிடலாம்.

எனக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்த மாஸ்டர் சென்னை ஸ்டுடியோக்களில் ரோட்ஸ் வாசித்தவர். திண்டுக்கல்லுக்குத் திரும்பி வந்து மெல்லிசைக் குழுவில் சேர்ந்தபோது அவர் கையில் இருந்தது சாதாரண கீபோர்டுதான். அறுபது கிலோவுக்குப் பக்கம் கனக்கும் ரோட்ஸை யார் திருவிழா மேடைக்கு ஏற்றுவது? கார்டு வாசித்துக் காட்டினால், "அடிக்கிறது சரிடா, கையை எடுக்கையில என்ன கேக்குது?" என்பார். டாம்பர் கம்பிமேல் வந்து உட்காரும் சின்ன ஓசை அது. சில பிளகின்களில் அதற்குத் தனிக் குமிழே இருக்கிறது. பாதிக்குக் கீழே வைத்தால் போதும்.

வத்தலக்குண்டிலிருந்து வந்த ஒரு பையன், எவ்வளவு அடித்தாலும் உறுமல் வரவில்லை என்று பிளகினைத் திட்டினான். கட்டையை எவ்வளவு ஓங்கி அடிக்கிறோம் என்று சொல்லும் வெலாசிட்டி எண்ணைப் பார்த்தோம். 127 வரை போக வேண்டியது, அவனுடைய கீபோர்டில் நூறைத் தாண்டவே இல்லை. கீபோர்டின் வெலாசிட்டி கர்வை மாற்றினோம், உறுமியது. விலையைப் பேசுவதற்கு முன்னால் உங்கள் கீபோர்டைச் சோதியுங்கள்.

காதும் ஏமாற்றும். 1983இல் யமஹா டிஎக்ஸ்7 வந்த பிறகு, எலெக்ட்ரிக் பியானோ என்றாலே அதன் கண்ணாடிச் சத்தம்தான் என்று எங்கள் பக்கத்து மேடைகள் பழகிவிட்டன. அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நல்ல ரோட்ஸ் மங்கலாகத் தெரியும். எழுபதுகளின் கடைசிப் பாட்டுகளை ஒரு வாரம் கேட்டுவிட்டு வரச் சொல்வேன். கருவியின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். வுர்லிட்சர் 200ஏ-வில் 64 கட்டைதான். பிளகின் 88 தந்தால், மிச்சமெல்லாம் இழுத்து நீட்டியவை.

வீட்டில் ஹெட்போனில் மயங்கி வாங்கியது மேடையில் காலை வாரும். திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழாச் சமயம் வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். லேப்டாப் சூடாகித் திணறி, ஒலி 'பட் பட்' என்று வெடிக்கும். பஃபரைக் கூட்டினால் அதற்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும், ஆனால் தாமதமும் கூடும். 48,000 சாம்பிள் ரேட்டில் பஃபர் 128 என்றால் அதனால் வரும் தாமதம் மூன்று மில்லி செகண்டுக்கும் குறைவு. 256 என்றாலும் ஐந்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. மேடைக்கு 256 வையுங்கள், விரலுக்குத் தெரியாது.

இன்னொன்று. ரோட்ஸ் சூட்கேஸ் மாடலில் வைப்ரேட்டோ என்று எழுதியிருப்பது உண்மையில் ஒலியை இடமும் வலமுமாகத் தள்ளுவது. மைக்செட்டுக்காரர் இரண்டையும் சேர்த்து மோனோவாக விட்டால் அந்த அசைவு கிட்டத்தட்டக் காணாமல் போகும். வுர்லிட்சரின் அசைவு ஒலி ஏறி இறங்குவதால் வருவது, மோனோவிலும் நிற்கும். டிரையல் முடிவதற்குள், மோனோ பட்டனை அழுத்திவிட்டுச் சின்ன ஸ்பீக்கர் ஒன்றில் முழுப் பாட்டையும் வாசித்துப் பாருங்கள்.